மங்காத மாமனார்

வாங்குவதற்கு முன் ஆராய்கிறவர் என்று ஓர் இனம் நம்மிடையே உலவுகிறது. பார்த்திருப்பீர்கள். இவர் செருப்புக் கடைக்குள் நுழைந்தால் அன்று கடைக்காரருக்கு மதியச் சாப்பாடு கிடையாது. எங்கள் ஸ்ரீரங்கம் குடியிருப்பில் இந்த இனத்தின் பிரதிநிதி ஜெயக்குமார்.

அவருக்குப் புகைப்படப் பித்து. சொந்தமாக ஒரு பெரிய பிரின்டர் வாங்க முடிவு செய்தார். செய்தார் என்றால், வருடக்கணக்கில் செய்துகொண்டே இருந்தார். சாதாரண மை மங்கிவிடுமாம். பிக்மென்ட் மை நூறு வருடம் நிற்குமாம். எட்டு நிறமா பன்னிரண்டு நிறமா, பளபளக் காகிதத்துக்கு ஒரு கறுப்பு, சொரசொரக் காகிதத்துக்கு இன்னொரு கறுப்பு, மாற்றும்போது மை வீணாகுமா ஆகாதா என்று, லிஃப்டில் மாட்டியவர், பால் வாங்கப் போனவர், காவிரிக்கரை அம்மா மண்டபத்தில் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்தவர் எல்லாரையும் நிறுத்தி விளக்கினார். கறுப்பில் இரண்டு உண்டு என்பதே எனக்கு அதுவரை தெரியாது. தெரிந்து என்ன செய்ய?

"நூறு வருஷம் கழிச்சு யாருங்க பாக்கப் போறாங்க?" என்றார் அவர் மனைவி யமுனா.

"பாக்கும்போது மங்கியிருந்தா?"

ஒருவழியாகப் பிரின்டர் வந்து படுக்கையறையில் உட்கார்ந்தது. கட்டில் ஹாலுக்குப் போனது. முதல் படம் யாருடையது? உப்பிலியபுரத்து மாமனார் செல்லக்கண்ணு. கறுப்பின் ஆழம் அவர் முகச் சுருக்கங்களில்தான் தெரியுமாம். மூன்றடி உயரத்தில் கறுப்பு வெள்ளைப் படம். அன்று ஊரிலிருந்து வரவிருந்த அவருக்கே கொடுத்து அசத்துவதாகத் திட்டம்.

நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் சரிபார்க்க வேண்டுமாம். சட்டம் போட்ட படத்தை வாசலில் ஒரு நாற்காலியில் சாய்த்து வைத்துவிட்டு, பூதக்கண்ணாடி எடுக்க மாடிக்குப் போனார் ஜெயக்குமார்.

வாசல் நாற்காலியில் பெரிய படம் இருந்தால் நம் ஊரில் என்ன அர்த்தம்? அதை மட்டும் அவர் ஆராயவில்லை.

எதிர்வீட்டுப் பிச்சமுத்து ரோஜா மாலையோடு ஓடிவந்தார். யாரோ ஊதுவத்தி கொளுத்தினார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள் இறங்கின. கீழ்வீட்டு லூர்துராணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எப்ப எடுக்கிறாங்க?" என்று விசாரித்தார்.

அப்போது பலாப்பழத்தோடு ஆட்டோவிலிருந்து இறங்கினார் செல்லக்கண்ணு. கூட்டத்தைப் பார்த்துப் பதறி, "யாருங்க போனது?" என்றார்.

முகத்தைப் பார்க்காமலே பிச்சமுத்து சொன்னார்: "யமுனாவோட அப்பாங்க. தங்கமான மனுஷன்."

"அப்படிங்களா?" செல்லக்கண்ணு ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். "இன்னும் சொல்லுங்க."

லூர்துராணி நிமிர்ந்து பார்த்தார். அவர் போட்ட அலறலில் யமுனாவும் ஜெயக்குமாரும் ஓடிவந்தார்கள். அப்பாவையும் மாலையையும் மாறி மாறிப் பார்த்த யமுனா, புருஷன் பக்கம் திரும்பினார். அந்தப் பார்வைக்கு எந்த மையும் மங்கியிருக்கும்.

ஜெயக்குமாரோ, "மாலையை எடுங்க, நெழல் விழுது!" என்று கத்தினார்.

செல்லக்கண்ணு எழுந்து படத்தை நெடுநேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு மாப்ள. நூறு வருஷம் நிக்குமா?"

"தாராளமா நிக்கும் மாமா!"

"அப்ப என்ன அவசரம்? நான் போன பொறவு போட்டுக்கலாமே?"

அன்றே கட்டில் படுக்கையறைக்குத் திரும்பியது. பிரின்டர் ஹாலுக்கு வந்தது. இப்போது அதன்மேல் துணி மடிக்கிறார் யமுனா.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இதைப் படிக்கலாமா வேண்டாமா என்று முன்கூட்டியே இரண்டு பேரிடம் விசாரித்தீர்களே, அவர்கள் என்னதான் சொன்னார்கள்?