பெரியம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது

முதல் கொண்டை ஊசி வளைவைத் தாண்டுவதற்குள்ளேயே லாரிக்கு மூச்சு வாங்கியது.

டிரைவர் மூன்றாவது கியரிலிருந்து இரண்டுக்கு இறக்கினார். போதவில்லை. ஒன்றுக்கு இறக்கினார். லாரி ஒரு பெருமூச்சு விட்டு, எறும்பு மாதிரி ஊரத் தொடங்கியது.

"என்ன மாமா, இப்பவேவா?" என்றான் பக்கத்து இருக்கையில் இருந்த மச்சினன்.

"குளிருல்ல? சோம்பல் முறிக்கிறா. அதை எழுதிடாத."

மச்சினன் அதற்குள் எழுதிவிட்டிருந்தான்.

அவன் டிரைவரின் மனைவிக்கு ஒரே தம்பி. அதே லாரி கம்பெனியின் ஆபீசில்தான் வேலை. எந்தப் பழைய வண்டியை வைத்துக்கொள்வது, எதைப் பழைய இரும்புக்குப் போடுவது என்று பார்த்துச் சொல்ல வேண்டியவன். இரண்டு மாதத்தில் ஒன்பது லாரிகளை அனுப்பிவிட்டான். பாக்கி இருந்தது இது ஒன்றுதான். நான்கு பக்கப் படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு, பனிமலை ஏறும் சோதனைக்காகக் கூடவே கிளம்பி வந்துவிட்டான்.

லாரிக்கு வயது முப்பத்தெட்டு. டிரைவர்கள் எல்லோரும் அதைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் நீள மூக்கு. அதற்குள் ஆறு சிலிண்டர்கள், ஒவ்வொன்றும் ஒரு பால் குக்கர் பருமன். புது வண்டிகளில் ஒரு வயர் ஈரமானால் போதும், திரையில் சிவப்பு விளக்கு எரிந்து வண்டி படுத்துக்கொள்ளும். பெரியம்மாவுக்குத் திரையே கிடையாது. டீசலும் காற்றும் கிடைத்தால் ஓடுவாள். மைனஸ் முப்பதில் அடியில் தணல் சட்டி வைத்து அரை மணி நேரம் சூடு காட்டினால், இருமிக்கொண்டே எழுந்து உட்காருவாள்.

"என் பிறந்தநாளைக் கேட்டா முழிப்பீங்க. அதுக்கு ஆயில் மாத்தின தேதியைக் கேட்டா ஒப்பிப்பீங்க" என்று டிரைவரின் மனைவி சொல்வதில் பொய் இல்லை.

இன்றைக்கு லோடு ஒரு டிரான்ஸ்பார்மர். பதினோரு டன். கணவாய்க்கு அந்தப் பக்கத்து ஊரில் நான்கு நாளாகக் கரண்ட் இல்லை. ஆஸ்பத்திரியில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஊசி போடுகிறார்களாம். பனிப்புயல் வலுப்பதால் பாதையை மூடப்போகிறார்கள் என்று தெரிந்ததும் புது வண்டிக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் முதுகு வலி வந்துவிட்டது. பெரியம்மாதான் கிளம்பினாள்.

ஏறுவதற்கு முன் அடிவாரத்து கேட்டில் பத்து நிமிடம் நிற்க வேண்டியிருந்தது. அப்போது யாரோ ஒருவர், கண் மட்டும் தெரியும்படி மப்ளர் சுற்றிக்கொண்டு, ஜன்னலைத் தட்டி, பின்னால் கை காட்டி என்னவோ கத்தினார். காற்றில் ஒரு எழுத்துகூடக் கேட்கவில்லை. டிரைவர் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்.

"என்னவாம் மாமா?"

"என்ன சொல்லப் போறான், பாத்துப் போங்கன்னுதான்."

இந்தக் கணவாயை முந்நூறு தடவைக்கு மேல் ஏறியிருக்கிறார் அவர். நாற்பது நிமிடம் ஆகும். இன்றைக்கு நாற்பதாவது நிமிடத்தில் மூன்றாவது வளைவில் இருந்தார்கள். மொத்தம் பதினான்கு வளைவுகள்.

வெளியே மைனஸ் பதினெட்டு. உள்ளே எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் சிவப்பைத் தொட்டது.

"மாமா, பனியில எஞ்சின் கொதிக்குது!"

"ரேடியேட்டருக்கு முன்னால குளிருக்குத் தார்ப்பாய் கட்டியிருக்கேன்ல, அதான். அவுத்தா சரியாப் போகும்."

"அப்ப நிறுத்துங்க."

"ஏத்தத்துல நிறுத்தவா? ஐஸ்ல சக்கரம் சுத்தும், வண்டி நகராது. அப்புறம் கோடைக்காலத்துலதான் கிளம்பணும். நீ இறங்கி ஓடிப் போய் அவுத்துட்டு வா."

ஓட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. மச்சினன் நிதானமாக இறங்கி, நடந்து, லாரியை முந்தி, பம்பரில் ஏறி நின்று, மூன்று முடிச்சுகளை அவிழ்த்தான். நான்காவதைக் காற்றே அவிழ்த்தது. தார்ப்பாய் பட்டென்று எழும்பி முன் கண்ணாடியில் பரவி ஒட்டிக்கொண்டது.

"மாப்ள! ஒண்ணும் தெரியல!"

"எனக்கும்தான் மாமா!"

அவனும் தார்ப்பாய்க்கு உள்ளேதான் இருந்தான். ஒருவழியாக அதைப் பிய்த்து எறிந்தபோது வைப்பரும் கூடவே போய்விட்டது.

முள் இறங்கவில்லை. டிரைவர் ஹீட்டரை முழுதாகத் திருப்பினார். எஞ்சினின் சூட்டைக் கேபினுக்குள் இழுத்துவிட்டால் அதற்குக் கொஞ்சம் பாரம் குறையும். முள் ஒரு நூல் இறங்கியது. கேபின் சுண்ணாம்புக் காளவாய் ஆனது. ஏழாவது வளைவில் டிரைவர் ஸ்வெட்டரைக் கழற்றினார். எட்டாவதில் மச்சினன் சட்டையைக் கழற்றினான். ஒன்பதாவதில் இரண்டு பேரும் பனியனோடு, வியர்வை சொட்டச் சொட்ட, பனிப்புயலுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் பார்க்கும் பக்கக் கண்ணாடிகள் அடிவாரத்திலேயே உறைந்து இரண்டு வெள்ளைத் தட்டுகளாகிவிட்டிருந்தன. முன் கண்ணாடி ஆவி படிந்து மங்கியது.

"ஜன்னலைத் திறக்கட்டுமா?"

"திற, திற."

திறந்தான். ஒரு கூடை பனி உள்ளே வந்து அவன் மடியில் உட்கார்ந்தது. நான்கு பக்கப் படிவத்தில் இரண்டு பக்கம் கூழாகிவிட்டது.

"போச்சு. வேகம், டீசல் செலவு எழுதின பக்கம்."

"நல்ல பக்கம்தான் போயிருக்கு" என்றார் டிரைவர்.

பத்தாவது வளைவில் கண்ணுக்கு முன்னால் ஒரு முழத்துக்கு மேல் எதுவும் தெரியவில்லை. இடது பக்கம் பாறை, வலது பக்கம் பள்ளம். மச்சினன் கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டான்.

"நான் முன்னால நடந்து டார்ச் காட்டுறேன். என் எடை தொண்ணூறு கிலோ. அதுவும் அவளுக்குக் குறையும்."

அவன் முதல் தடவையாக 'அவள்' என்று சொன்னதை டிரைவர் கவனித்தார்.

மச்சினன் முன்னால் நடந்தான். நடக்க நடக்க லாரி பின்தங்கியது. அவன் நின்று, அது வரும்வரை காத்திருந்து, மறுபடியும் நடந்தான். அப்படி நின்ற சமயங்களில்தான் அவனுக்கு அந்தச் சத்தம் முழுதாகக் காதில் விழுந்தது. ஆபீஸ் மேஜையில் உட்கார்ந்து பார்த்த ஒன்பது லாரிகளில் ஒன்றின் சத்தத்தைக்கூட அவன் கேட்டதில்லை. இது அடிவயிற்றிலிருந்து வந்தது. வலிக்கிறது என்று தெரிந்தது. ஆனாலும் ஒரு துடிப்புகூடத் தவறவில்லை. காலடியில் பாதையே அதிர்ந்தது. வெள்ளைக்குள்ளிருந்து முதலில் நீள மூக்கு வந்தது, பிறகு மங்கலாக இரண்டு மஞ்சள் விளக்குகள். பனி அப்பிய மூக்கோடு அவள் விடாமல் ஏறிக்கொண்டிருந்தாள்.

"வாங்க பெரியம்மா, வாங்க. இன்னும் மூணே வளைவு" என்று அவன் வாய்விட்டுச் சொன்னான். நல்லவேளை, யாரும் கேட்கவில்லை.

கேபினுக்குள் டிரைவர் அழுதுகொண்டிருந்தார். வியர்வை என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது. ஒரு காலத்தில் இந்தப் பாரத்தைப் பாட்டுப் பாடிக்கொண்டு இழுத்தவள். கிளட்சில் நழுவல் இல்லை, புகையில் கறுப்பு இல்லை, எண்ணெய் அழுத்தம் சரியாக இருக்கிறது. பிறகு என்னதான் கோளாறு? வயசுதான். அவருக்கும் முட்டி வலிக்கிறது, எந்த டாக்டருக்கும் காரணம் தெரியவில்லை.

கணவாய் உச்சியை அடைந்தபோது மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. சமதளம் வந்ததும் டிரைவர் மெல்ல பிரேக் பிடித்தார். எஞ்சினை அணைக்கவில்லை. பெரியம்மா நின்ற இடத்தில் சீராக முனகிக்கொண்டிருந்தாள்.

மச்சினன் புருவத்தில் பனியோடு ஏறி உட்கார்ந்தான். டிரைவர் அவன் விட்டுப்போயிருந்த படிவத்தை எடுத்து நீட்டினார்.

"எழுதிக்கோ மாப்ள."

"என்னத்த?"

"முடியலன்னு எழுதிக்கோ. நாற்பது நிமிஷத்து மலைக்கு மூணு மணி நேரம். இதுக்கு மேல அவளைப் போட்டு வதைக்கக் கூடாது. இவ்வளவு நாளா நான்தான் ஒத்துக்கல."

"நான் எழுத மாட்டேன்."

"ஏன்டா, அதுக்குத்தானே வந்த?"

"அதுக்குத்தான் வந்தேன். முன்னால நடந்து பாத்துட்டேன் மாமா. அவளை இரும்புக்குப் போடச் சொல்ற கை எனக்குக் கிடையாது. நீங்க வேணா ஆபீசுல வேற ஆளப் பாருங்க."

"உன் வேலை போயிடும்."

"அக்கா சோறு போடுவா."

"அவ போடுவா. எனக்கு யாரு போடுறது?" என்றார் டிரைவர். இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. டிரைவர் தானே பேனாவை வாங்கி, ஈரத்தில் நனையாமல் மிஞ்சியிருந்த பக்கத்தில், 'டிரைவரின் கருத்து' என்ற இடத்தில் எழுதினார்: 'வண்டிக்குச் சக்தி போதவில்லை. ஓய்வு கொடுக்கலாம்.' கையெழுத்தும் போட்டார்.

அந்த நேரத்தில் உச்சி கேட்டின் காவலாளி, போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு, பதிவு நோட்டோடு வந்தார். பின்பக்கம் வரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு ஜன்னலுக்கு வந்து நின்றார்.

"கீழ கேட்டை மூடியாச்சு. நீங்கதான் கடைசி. வண்டி நம்பர் சொல்லுங்க."

டிரைவர் சொன்னார்.

"லோடு?"

"டிரான்ஸ்பார்மர். பதினோரு டன்."

காவலாளி விரல்களை ஊதிச் சூடேற்றிக்கொண்டு, நிதானமாக எழுதி முடித்தார். அடுத்த வரிக்குப் பேனாவைக் கொண்டுபோய் நிமிர்ந்தார்.

"சரி, இது உங்களுது. பின்னால கட்டி இழுத்துட்டு வந்திருக்கீங்களே ஒரு சிமென்ட் லாரி, அதோட நம்பரையும் சொல்லிடுங்க."