பதினேழரை நம்பர் நட்டு

காரிமங்கலம்,
வியாழன் மாலை.

ஓசூர்க் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு அதிகாரியாக வீற்றிருக்கும் அன்புத் தம்பி நவநீதனுக்கு, அக்கா மணிமேகலை ஆசியுடன் எழுதுவது. இங்கே நானும் உன் மாமாவும் சௌக்கியம். மாமாவுக்கு வலது தோள்பட்டையில் மட்டும் பிடிப்பு. காரணம் கீழே வருகிறது. அங்கே நீயும் கோகிலவாணியும் குழந்தைகளும் நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். இந்தப் பத்து நாளாக உன் பெயரை மட்டும் கொஞ்சம் மெதுவாகச் சொல்லி வேண்டுகிறேன். இதையெல்லாம் போனில் சொல்லலாம்தான். ஆனால் நான் கூப்பிட்டால் நீ மீட்டிங்கில் இருக்கிறாய், வாய்ஸ் அனுப்பினால் கட்டைவிரல் படம் அனுப்புகிறாய். கடிதத்துக்கு அப்படி விரல் காட்ட முடியாது என்பதால் எழுதுகிறேன்.

தை மாதம் உன் கம்பெனி எங்கள் மகளிர் குழுவுக்கு ஒரு ராகி அரவை மெஷின் தானம் கொடுத்தது நினைவிருக்கும். மறந்திருந்தால் உன் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கும் போட்டோவைப் பார், மெஷினை மறைத்துக்கொண்டு நிற்பது நீதான். அமெரிக்காவில் செய்தது, இன்டர்நேஷனல் ஸ்டாண்டர்ட் என்று மைக்கில் மூன்று தடவை சொன்னாய், நாங்களும் மூன்று தடவை கைதட்டினோம். அந்த மெஷினை நம்பித்தான் பன்னிரண்டு பெண்கள் கூலிக்குக் களையெடுக்கப் போவதை விட்டோம். ஆனால் திட்ட அலுவலகத்தில் நீ படிக்காமல் கையெழுத்துப் போடச் சொன்ன ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறது. மெஷின் பத்து நாள் ஓடாமல் கிடந்தால் அதை எடுத்து வேறு குழுவுக்குக் கொடுத்துவிடலாமாம். அந்த வேறு குழு எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நிர்மலாதேவி அம்மாளின் குழு. அந்தக் குழுவில் அவர், அவருடைய நாத்தனார்கள், அப்புறம் அவர் வீட்டு ஏ.சி. அறை.

போன வாரம் திங்கட்கிழமை மெஷினுக்குள் கடகடவென்று சத்தம். அரைக்கும் தட்டைக் கழற்றித் துடைக்கலாம் என்றால், நடுத்தண்டில் தட்டைப் பிடித்திருக்கும் நட்டைக் கழற்ற வேண்டும். பதினேழு நம்பர் ஸ்பேனர் நட்டுக்குள் நுழையவில்லை. பதினெட்டு போட்டால் ஆடுகிறது. உன் மாமாவுக்கு இதில் ரோஷம் வந்துவிட்டது. பதினெட்டில் சாக்குத் துணியைச் சொருகி, ஸ்பேனர் வாலில் இரண்டடி பைப்பை மாட்டி, "ஒதுங்கு மணி, இதெல்லாம் ஆம்பள வேல" என்று சொல்லி, எல்லா நட்டையும் எந்தப் பக்கம் திருகிக் கழற்றுவோமோ அந்தப் பக்கம் இழுத்தார். அது இறுகியது. ஏறி நின்றார். இன்னும் இறுகியது. குதித்தார். நட்டு மூன்றாகப் பிளந்தது, ஒரு துண்டு எங்கள் குழுவின் கோவிந்தம்மாளுடைய ராகிக் கூடையில் விழுந்தது, மாமா அதற்குப் பக்கத்தில் விழுந்தார். துண்டுகளில் மரை, அதாவது உள்ளே சுற்றிச் சுற்றி ஓடும் திருகு வரி, நசுங்கிப்போய், அளக்க ஒன்றும் மிஞ்சவில்லை. நல்லவேளை, தண்டின் மரைக்குச் சேதமில்லை.

உடனே உனக்குப் போன் போட்டேன். அதிசயமாக எடுத்தாய். நீ சொன்னது எழுத்து மாறாமல் ஞாபகம் இருக்கிறது: "அக்கா, அது என்னா ஸ்டாண்டர்ட், என்னா பிட்ச், அத மட்டும் கண்டுபுடிச்சிச் சொல்லு. மிச்சத்த நான் சொல்றேன்." எந்த நாட்டு அளவு, மரை எவ்வளவு நெருக்கம் என்பதையெல்லாம் நானே கண்டுபிடித்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது தம்பி? அதற்கு எதற்கு உனக்கு டை கட்டி நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கிறார்கள்?

மெஷினைத் தூக்கிக்கொண்டு கடைகடையாக அலைய முடியுமா? அதனால் ஒரு நீலத் துணி சோப்பை வாங்கி, தண்டின் மரைமேல் வைத்து அழுத்தினேன். அச்சு அழகாக விழுந்தது. அந்தச் சோப்பை டிபன் டப்பாவில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். நம் ஊர்க் கடைகளில் நட்டின் துளை எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை, எந்த ஸ்பேனர் போடும் என்றுதான் கேட்பார்கள். முதல் கடையில், "எத்தன நம்பருங்க?" "பதினேழுக்கும் பதினெட்டுக்கும் நடுவுலங்க." கடையில் இருந்த நான்கு பேரும் சிரித்தார்கள். "அப்பிடி ஒண்ணு ஒலகத்துலயே கெடையாதுங்க. வூட்டுக்காரரு வர்லீங்களா?" வீட்டுக்காரர் தோளில் தைலம் தடவிக்கொண்டு படுத்திருக்கிறார் என்று சொல்லவில்லை. பதினேழு நம்பர் நட்டும் பத்தொன்பது நம்பர் நட்டும் வாங்கி வந்து வைத்துப் பார்த்தேன். ஒன்று தண்டின் வாயிலேயே நின்றது, இன்னொன்று வளையல் போலச் சுற்றியது. இரண்டாவது கடைக்காரர், தண்டுதான் தேய்ந்துவிட்டது, மெஷினையே மாற்று என்றார். மூன்றாவது ஆள் எதையும் பார்க்காமலே, "வெல்டு வெச்சிருங்கம்மா, ஜென்மத்துக்கும் கழலாது" என்றார். கழற்றத்தானே ஐயா நட்டு வைக்கிறார்கள் என்றேன். அதற்கும் வீட்டுக்காரரைக் கூட்டி வரச் சொன்னார்.

மொரப்பூரில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் குப்புராஜைக் கேட்கச் சொல்லி கோவிந்தம்மாள் அனுப்பினாள். அவர் சோப்பின் பள்ளத்தில் நூலைப் படிய வைத்து அளந்தார், கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். "இது மில்லிக் கணக்கு இல்லம்மா. இஞ்ச் கணக்கு. மூணர நூல்." ஒரு இஞ்சில் எட்டில் ஒரு பங்கைத்தான் நம் கொத்தனார்களும் ஆசாரிகளும் நூல் என்பார்கள், உனக்குத் தெரியாமல் இருக்கலாம். அளவு சரிதான். ஆனால் அவர் எடுத்துக் கொடுத்தது பழைய இங்கிலீஷ் மரை. ஒரு இஞ்சுக்குப் பதினாலு சுற்று. வீட்டில் வைத்துப் பார்த்தால் வாயில் முட்டி நின்றது, ஒரு சுற்றுக்கூட ஏறவில்லை. இதற்குள் எட்டு நாள் போய்விட்டது. நிர்மலாதேவி அம்மாள் அந்தப் பக்கமாக நடந்து வந்து, "மெஷினு வெக்க நாங்க எடமெல்லாம் பாத்துட்டோம் மணி" என்றார். 

ஒன்பதாவது நாள் தர்மபுரியில் லேத் பட்டறை வைத்திருக்கும் அப்துல் ரஷீத் பாயிடம் போனேன்.  சீப்பு போலப் பல்பல்லாய் இருக்கும் இரும்புத் தகடுகளை ஒவ்வொன்றாகச் சோப்பில் பொருத்திப் பார்த்தார். ஒன்று கச்சிதமாக உட்கார்ந்தது. "இஞ்சுக்கு இருவது சுத்து. அமெரிக்காக்காரன் மரை" என்று சொல்லி, அங்கேயே ஒரு நட்டைக் கடைந்து கொடுத்தார். காலில் விழாத குறைதான். வந்து மாட்டினால், அதுவும் ஏறவில்லை! தம்பி, நான் அழுதேன். குழுப் பெண்கள் எல்லோருக்கும் முன்னால் உட்கார்ந்து அழுதேன்.

அழுது முடித்து, அன்றைக்கான பதிவேட்டில் "மெஷின் ஓடவில்லை" என்று எழுதி, குழுவின் ரப்பர் ஸ்டாம்பைக் கையில் எடுத்தபோதுதான் கவனித்தேன். ஸ்டாம்பில் எங்கள் குழுவின் பெயர் திரும்பி இருக்கிறது. காகிதத்தில் குத்தினால் நேராக விழுகிறது. அப்படியென்றால் சோப்பு அச்சில் நேராகத் தெரிந்த மரை, தண்டில் திரும்பி இருக்க வேண்டுமே? ஓடிப்போய்த் தண்டைப் பார்த்தேன். மரை எதிர்ப்பக்கமாகச் சாய்ந்து ஏறுகிறது! சைக்கிளின் இடது பெடல் மாதிரி ரிவர்ஸ் மரை. உன் மாமா பைப் போட்டுக் குதித்ததெல்லாம் அதை இறுக்கத்தான். நேற்று முதல் பஸ்ஸில் போய்ச் சொன்னதும் பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். "சோப்ப மட்டும் பாத்து செஞ்சது என் தப்பும்மா" என்றார். இந்தப் பத்து நாளில் தப்பு என்று சொன்ன ஒரே ஆம்பளை அவர்தான். புது நட்டு நேற்று மதியம் ஏறியது, சொகுசாக, விரலாலேயே.

மெஷின் ஓடுகிறதா என்று பார்க்க இன்று திட்ட அலுவலக அதிகாரி வந்தார். இரண்டு படி ராகி அவர் கண் முன்னால் மாவானது. "பிரமாதமா ஓடுதும்மா" என்று எழுதிக்கொண்டு, என்னிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். ஆக, உன் உதவி ஒரு துளிகூட இல்லாமல் மெஷின் எங்களுடையதாகவே இருக்கிறது. இனி நீ எந்த மேடையிலும் எங்கள் மெஷினுக்கு முன்னால் நிற்க வேண்டாம். ஆடிக்கு வந்தால் சாப்பாடு உண்டு, பேச்சு கிடையாது.

கோகிலவாணிக்கு என் அன்பு, குழந்தைகளுக்கு முத்தம். உனக்கு, நீ எப்படி நடந்துகொண்டாலும், நூறாயுசு.

இப்படிக்கு,
உன் அக்கா,
மணிமேகலை.

பின்குறிப்பு: சனிக்கிழமை. நேற்று தபால் ஆபீஸில் சர்வர் படுத்துவிட்டதால் கடிதம் என்னிடமே இருந்தது. மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிடு. நேற்றுக் காலை வேன் வந்தது. "ரிப்பேர் மெஷினு வேண்டாம்னுதான் அந்தக் குழு இவ்வளவு நாளு சும்மா இருந்துச்சு. நல்லா ஓடுதுன்னு நீங்களே கையெழுத்துப் போட்டுட்டீங்க, இப்ப வாங்கிக்கறாங்க" என்றார் அதிகாரி. குழுக்கள் மாறி மாறி வைத்துக்கொள்ளும் சுழற்சி முறையாம்.  "மாவு ஒட்டிக் கிடக்குதுங்க, தொடச்சித் தர்றோம், டீ சாப்ட்டு வாங்க" என்றேன். தட்டைக் கழற்றித் துடைத்தோம். ஏற்றிக்கொண்டு போனார்கள். இன்று காலை அவரே போன் செய்து, தட்டு நிற்கவில்லை, நடுவில் ஒரு நட்டைக் காணோம், அது எத்தனை நம்பர் என்று கேட்டார். "எனக்கென்னங்க தெரியும், மெஷின இங்க கொண்டாந்தா வெச்சுப் பாத்துச் சொல்றேன்" என்றேன். அடுத்து உனக்குத்தான் போன் வரும். தெரியாது என்று சொல். நீ பொய் சொன்னதாகவும் ஆகாது.