அடைக்கச் சொன்ன வாசல்

"ஏன்க்கா, ஒரு கட்டடத்துக்கு வாசல் எங்க வேணும்னு உள்ள நுழையறவங்களக் கேப்பியா, தொங்குற கல்லைக் கேப்பியா?"

பல் டாக்டர் தங்கை ஒருநாள் இப்படிக் கேட்டாள். ஆர்க்கிடெக்ட் அக்கா பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தாள். அரை மில்லிமீட்டர் பிசகினால் வரைபடத்தையே கிழித்துப் போடுகிறவள் அவள். கல் விஷயத்தில் மட்டும் அவ்வளவு கறார் கிடையாது.

புதிய கலாசார மையத்துக்குச் சர்வதேச வடிவமைப்புப் போட்டி அறிவித்ததும் அறிவித்தார்கள், ஊசலய்யாவுக்கு யோகம் அடித்தது. சங்கிலியில் கட்டிய பச்சைக் கல்லைப் போட்டிக்கான அட்டை மாடலின் மேல் ஊசல்போலத் தொங்கவிடுவார். வலமாகச் சுற்றினால் பரிசு. இடமாகச் சுற்றினால் நாசம். அவர் வீட்டு மாடிப்படி முழுக்க, அட்டைக் கட்டடங்களைக் கைக்குழந்தைபோல ஏந்திய மேதைகள். எல்லாரும் படித்தவர்கள். அதனால்தான் வரிசை அத்தனை ஒழுங்காக நின்றது.

அக்காவின் வடிவமைப்புக்கு உயிரே வாசல்தான். தெருவோடு போகிறவன் யாரையும் கேட்காமல் நேரே அரங்குக்குள் வந்துவிடலாம். போன வாரம் அந்த வாசலின் மேல்தான் கல் இடமாகச் சுற்றியது.

"தெற்கு வாசல்மா. தோல்வியக் கைபிடிச்சுக் கூட்டிட்டு வருது. அட்டை கொண்டா, என் கையாலயே அடைச்சுத் தரேன்."

அக்கா மூக்கைச் சிந்திவிட்டு அட்டையை அளவாக வெட்டிக்கொண்டாள். நாளை மாடலை அனுப்பியாக வேண்டும் என்பதால் இன்று மறுபடி ஊசலய்யா வீட்டுக்குப் போனாள். துணைக்குத் தங்கையும் வந்தாள்.

வாசலை அடைக்குமுன் ஊசலய்யா வழக்கம்போலக் கண்ணை மூடி நீளமாக மூச்சிழுத்தார். அந்த நேரத்தில் தங்கை மாடலின் மூலையில் வடக்கைக் காட்ட ஒட்டியிருந்த அம்புக்குறியைப் பிய்த்து, தலைகீழாகத் திருப்பி ஒட்டினாள். அக்கா பசை டப்பாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அவர் கண் திறந்தார். அம்பைப் பார்த்தார். கல் வலமாகச் சுற்றியது.

"ஆகா! வடக்கு வாசல்! தொடவே தொடாதீங்க!"

"போன வாரம் இதே வாசலைத்தானே அடைக்கச் சொன்னீங்க?" என்றாள் தங்கை.

"அது தெற்குல்ல இருந்துச்சு. மாத்திட்டீங்கள்ல?"

"வாசல் அங்கயேதான் இருக்கு சார். அம்பைத்தான் நான் திருப்பி ஒட்டினேன். நீங்க கண்ணை மூடியிருந்தப்போ."

மாடிப்படி மொத்தமும் எட்டிப் பார்த்தது. கல் அப்படியே நின்றுவிட்டது. ஊசலய்யா, "எதிர்மறை அலை..." என்று ஏதோ முனகினார்.

வரிசையில் அடுத்து நின்ற தாடிக்காரர் தொண்டையைச் செருமினார். "அப்ப எங்க மாடல்ல அம்பை எந்தப் பக்கம் ஒட்டினா ஜெயிக்கும், மேடம்?"

தங்கை அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அவர் கையில தொங்குறது கல்லு. உங்க கழுத்துக்கு மேல இருக்கறதும் அதேதானா? யோசிச்சுப் பாருங்க சார், ஒண்ணும் தேய்ஞ்சு போயிடாது."

எல்லாரும் தாடிக்காரரைப் பார்த்துச் சிரித்தார்கள். அக்காவுக்கு மட்டும் காது சூடேறியது. அளவாக வெட்டிய அட்டையை ஊசலய்யாவின் மடியில் வைத்தாள். வாசல் திறந்த மாடலைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.