ஐவரியா, க்ரீமா?

சுவருக்குப் பெயிண்ட் அடிக்கச் சொன்னால் சுவரை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளும் ஓர் இனம் நம்மிடையே உலவுகிறது, வாசகரே. அதன் அசல் மாதிரி எங்கள் தெருவிலேயே இருக்கிறார். சொந்த வீடு, பென்ஷன், ஏராளமான நேரம். கேட்க வேண்டுமா?

மகள் கைக்குழந்தையோடு வந்து தங்கப்போகிறாள். பேத்தியை இவர் இன்னும் நேரில் பார்த்ததில்லை, பார்க்கத் துடிக்கிறார். அவர்கள் வருவதற்குள் அறைக்குப் பெயிண்ட் அடித்து, வாடையும் போயிருக்க வேண்டும். ஐவரி ஒன்று, க்ரீம் ஒன்று என இரண்டு டப்பா வாங்கினார். மற்றவர்கள் என்றால் ஒன்றைத் திறந்து அடித்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். இவரோ சுவரில் இரண்டு சதுரம் தீட்டி, காலை வெயிலில் பார்த்து, ட்யூப் லைட்டில் பார்த்து, ஜன்னலைச் சாத்திப் பார்த்து, கண்ணாடியைக் கழற்றிப் பார்த்து, கடைசியில் மைத்துனரையும் இழுத்துவந்து நிறுத்தினார்.

"ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு அத்தான்?"

"முதல்ல கண்ணை டெஸ்ட் பண்ணு. இடது பக்கம் ஐவரி, எவ்வளவு சாந்தமா இருக்கு! இந்த க்ரீம் கொஞ்சம் திமிர் பிடிச்சது."

பெயிண்டுக்குத் திமிராம்! கேட்டீர்களா கதையை?

கட்டில் ஹாலுக்கு வந்தது. பீரோ நடைவழியை அடைத்துக்கொண்டது. மனைவி ஒருக்களித்துத்தான் சமையலறைக்குப் போய்வந்தார்.

"எதையாவது அடிச்சுத் தொலைங்களேன்!"

"அவசரப்பட்டா ஆயுசுக்கும் உறுத்தும்மா."

மகள் போன் செய்தாள். "அப்பா, ரூம் ரெடியா?"

"கிட்டத்தட்ட முடிவு பண்ணிட்டேன்மா."

"இதைத்தான் போன வாரமும் சொன்னீங்க. விடுங்க, நான் மாமியார் வீட்டுக்கே போயிடறேன்."

மனைவி பெட்டியைக் கட்டிக்கொண்டு பேத்தி இருக்கும் இடத்துக்கு பஸ் ஏறிவிட்டார்.

இவருக்கு அழுகைகூட வந்தது. அந்த வேகத்தில், 'ஐவரியே இருந்து தொலையட்டும்' என்று டப்பாவைத் தூக்கினார். மூடி திறக்கப்படவே இல்லை. இத்தனை நாளும் இடதும் வலதுமாகச் சுவரில் இருந்தது ஒரே க்ரீம்!

தலையில் அடித்துக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தார் என்றா நினைக்கிறீர்கள்? அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்போ நான் இன்னும் ஒப்பிட்டே பார்க்கலையே!"

பிரஷ்ஷைக் கழுவி மூன்றாவது சதுரத்தைத் தொடங்கினார்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் படிக்கும்போது நடுவில் ஒரு கணம், 'குழந்தை இருக்கும் அறைக்கு எது எடுப்பாக இருக்கும்?' என்று உங்களுக்கும் தோன்றியிருந்தால், தயவுசெய்து பெயிண்ட் கடைக்கு வேறு யாரையாவது அனுப்புங்கள்.