கொளஞ்சியப்பன் கேட்ட மாத்தாளு

"இந்த வருஷம் நாமதான்!" என்று கொளஞ்சியப்பன் சோற்றுத் தட்டில் ஓங்கி ஒரு அடி அடித்தான். தட்டிலிருந்த களி அசையவில்லை. குழம்புதான் எகிறிப் போய் எதிரே உட்கார்ந்திருந்த அம்சவள்ளியின் புடவையில் விழுந்தது.

"எதுலய்யா நாமதான்?"

"சடுகுடுவுலதான்! மலைக்காரனுங்கள இந்த வாட்டி மண்ணக் கவ்வ வெக்கல, எம்பேர மாத்திக்கறன்!"

"நீ பேர மாத்திக்க. நான் போயி பொடவைய மாத்திகினு வரேன்."

இதைக் கேட்டு, கொளஞ்சியப்பன் பெரிய ஆட்டக்காரன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அவன் வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் பாடிப் போயிருக்கிறான். "சடுகுடு சடுகுடு" என்று மூச்சை விடாமல் பாடிக்கொண்டு எதிராளி பக்கம் போய், தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். இவன் நடுக்கோட்டுக்குப் போவதற்குள்ளேயே தும்மிவிட்டான். அதோடு சரி. அன்றிலிருந்து ரசிகன். சங்கராபுரத்திலிருந்து கல்வராயன் மலைக்குப் போகிற வழியில், ஈச்சங்காட்டில், இவனைப் போல ஒரு ரசிகன் கிடையாது. ஏனென்றால் ஊர்ப் பையன்கள் ஆடுகிற களமே இவனுடைய மேட்டு நிலம்தான். நிலத்துக்குக் கிடைத்த மரியாதையெல்லாம் தனக்குக் கிடைப்பதாக நினைத்துக்கொண்டு திரிந்தான், பாவம்.

போன வருஷம் மலைக்காரர்களிடம் தோற்றதற்கு அவன் ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தான். ஆட்டத்தின் நடுவில் ஒருத்தனுக்கு முட்டி பிசகியது. இன்னொருத்தன், மாடு அவிழ்த்துக்கொண்டு ஓடுகிறது என்று கேட்டு அவனும் ஓடிவிட்டான். இறக்க வேறு ஆளில்லை. அஞ்சு பேரை வைத்துக்கொண்டு ஏழு பேரிடம் என்ன செய்வது?

"முன்னால நிக்கிற ஏழு பேர எந்த முட்டாளும் பாப்பான்," என்பான் டீக்கடையில். "பின்னால குந்திகினு கீறான் பாரு, அவனப் பாக்கணும். ஒரு டீமுக்கு ஒசரம் முக்கியமில்லய்யா, ஆழம்தான் முக்கியம்!"

"கெணறு வெட்டப் போறியா மாமா?" என்று யாராவது கேட்பார்கள். அதையெல்லாம் அவன் காதில் வாங்க மாட்டான்.

ஆழம் தேடி ஊரெல்லாம் சுற்றினான். ஆயம்மாள் மகன் மாயவன் ஏரியின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஆட்டைக் கூப்பிடுவதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிவந்தான். "அடியே அம்சா! ஒரே மூச்சுல கூப்புடறான்டி! ஆடு வந்து சேர்ற வரைக்கும் மூச்சே வுடல!" இன்னொருத்தன் பறக்கிற கோழியை அந்தரத்தில் பிடித்தான். என்ன பிடி! கோழி யாருடையது என்று கொளஞ்சியப்பன் கேட்கவில்லை, அது ரசிகனின் வேலை இல்லை. இப்படிப் பொறுக்கிப் பொறுக்கி ஏழு இளவட்டங்களைச் சேர்த்துவிட்டான். மீசை சரியாக முளைக்காத ஏழு மணிகள். நினைக்க நினைக்க அவனுக்குத் தூக்கம் வரவில்லை.

அம்சவள்ளிக்கும் தூக்கம் வரவில்லை. காரணம் வேறு. அவளுக்கு அந்த மேட்டு நிலத்தில் மரவள்ளி நட வேண்டும்.

"ரெண்டு மழ பேஞ்சி மண்ணு பதமா கீது. சுத்துப்பட்டுல எல்லாரும் மரவள்ளி வெச்சிட்டாங்க. நம்ம நெலத்துல மட்டும் தடிப்பசங்க பொரண்டுகினு கீறானுங்க."

"வூட்டுல ஒரு வள்ளி இருக்கறது பத்தாதா? நெலத்துலயும் ஒரு வள்ளியா? என்னால தாங்க முடியாதும்மா!"

"ஊரே இட ஒதுக்கீடு கேட்டுகினு கீது. எனக்கு அந்த எடத்த ஒதுக்கிக் குடு."

"எத்தினி சதவீதம்?"

"நூத்துக்கு நூறு."

எண்பத்தேழாம் வருஷம் அது. இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடு பிடித்து, சின்னப் பிள்ளைகள் வாயில்கூட சதவீதம் புழங்கிய நேரம். கொளஞ்சியப்பனுக்கு வீட்டுக்குள்ளேயே போராட்டம் வந்தது பிடிக்கவில்லை. சவடாலாக ஒரு வார்த்தை விட்டான்.

"ஞாயித்துக்கெழம அந்தக் களத்துல மலைக்காரனுங்களோட ஆட்டம். ஆட்டம் நடக்கலன்னு வெச்சிக்க, அந்த நெலம் உன்னுது. மரவள்ளி நடு, மல்லாட்ட நடு, நான் கேக்க மாட்டேன். நடந்திச்சின்னா, ஜென்மத்துக்கும் அது களம்தான். நீ வாயத் தொறக்கக் கூடாது."

"சத்தியமா?"

"அய்யனாரு சத்தியமா!"

அம்சவள்ளி அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் பயப்பட வேண்டும் என்று கொளஞ்சியப்பனுக்கு இத்தனை வருஷத்தில் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை.

அடுத்த சிக்கல் தாய்மார்கள். பையன்களை ஆட்டத்துக்கு விட வேண்டுமென்றால் அவர்களிடம் கேட்க வேண்டும். கிளம்பும்போது கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்துக்கொண்டான். "உன் புள்ளைய எனக்கு சப்... சப்டியூட்டு... சப்ஸ்டி..."

"இன்னாய்யா சப்பிகினு கீற?" என்றாள் அம்சவள்ளி.

"சப்ஸ்டியூட்டுடி! ஒருத்தனுக்கு பதிலு இன்னொருத்தன எறக்கறது."

"அது ஆயம்மாளுக்கு எங்க புரியும்? ஏதோ ஊசி போடறாங்கன்னு புள்ளைய ஒளிச்சி வெச்சிடுவா. நல்ல தமிழ்ல மாத்தாளுன்னு கேளேன்."

கொளஞ்சியப்பன் அசந்துவிட்டான். மாத்தாளு! மாத்துகிற ஆளு! இதைவிடப் பொருத்தமாக ஒரு வார்த்தை உண்டா? பெண்டாட்டிக்கும் கொஞ்சம் ஆட்டம் பிடிபட ஆரம்பித்துவிட்டது என்று மனசுக்குள் குளிர்ந்துபோய் ஆயம்மாள் வீட்டுக்குப் போனான்.

"ஆயம்மா, ஞாயித்துக்கெழம உம்புள்ளைய எனக்கு மாத்தாளா அனுப்பறியா?"

"அதுக்கு இன்னா, அனுப்பறன். கஞ்சி உங்க வூட்டுலதானே?"

"பின்ன? அம்சா ஊத்துவா."

"திருப்பி எப்ப அனுப்புவ?"

"சாயங்காலமே அனுப்பிடறன்."

"சாயங்காலம் வந்து இன்னா பிரயோசனம்? மறுநாளு காலையில வெள்ளன அனுப்பு."

பிள்ளையை ராத்திரியும் வைத்துச் சோறு போடச் சொல்கிறாள், சரியான கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டு, "அப்பிடியே ஆவட்டும்" என்றான். ஏழு வீட்டிலும் இதே கேள்வி, இதே பதில். ஒரு வீட்டிலாவது மறுப்பு வர வேண்டுமே? வரவில்லை.

வியாழக்கிழமை சாலை மறியல் ஆரம்பித்தது. கள்ளக்குறிச்சி சாலையில் புளிய மரங்கள் சாய்ந்து கிடந்தன. பஸ் இல்லை, லாரி இல்லை. ஊர் ஆட்டக்காரர்கள் ஏழு பேரும் மறியலுக்குப் போனார்கள். போன ஏழு பேரையும் போலீஸ்காரர்கள் வேனில் ஏற்றிக்கொண்டுபோய் ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்துவிட்டார்கள்.

சேதி வந்ததும் ஊர் கவலைப்பட்டது. கொளஞ்சியப்பன் துள்ளிக் குதித்தான். வேட்டி அவிழ்ந்ததுகூடத் தெரியவில்லை.

"சொன்னனா இல்லியா? ஏழு பேரும் போனாங்க! வேற எந்த ஊரா இருந்தா ஆட்டம் காலி! எங்கிட்ட ஆழம் கீது! எறக்குடா மாத்தாள!"

"மலைக்காரங்க வருவாங்களா? பஸ்ஸே இல்லியே," என்றாள் அம்சவள்ளி, முறத்தில் பயறு புடைத்துக்கொண்டே.

"அவங்க என்னிக்கு பஸ்ஸுல வந்தாங்க? நடந்தே எறங்கிடுவாங்க."

"அப்ப நீ காலையில அடிவாரத்துக்கே போயி மரியாதையா அழைச்சிகினு வா. நம்ம ஊருக்கு வரவங்க இல்லியா?"

நல்ல யோசனையாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்பே கிளம்பிவிட்டான். மேளக்காரர் ஒருத்தரையும் கூட்டிக்கொண்டான்.

மலை அணியின் தலைவன் வேடியப்பன். அதிகம் பேச மாட்டான், பிடித்தால் விட மாட்டான். வழி நெடுக அவனிடம் கொளஞ்சியப்பன் தன் இளங்கன்றுகளைப் பற்றி அளந்துகொண்டே வந்தான். ஏரிக்கரை ஏறினதும் தூரத்தில் மேட்டு நிலம் தெரிந்தது. அங்கே ஏழு தலைகள். குனிவதும் நிமிர்வதுமாக இருந்தன. கொளஞ்சியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாத்தியா வேடியப்பா? நான் ஒரு வார்த்த சொல்லல. தானா பயிற்சி எடுக்கறானுங்க! இன்னா குனியறானுங்க பாரு!"

வேடியப்பன் கையை நெற்றியில் வைத்துப் பார்த்தான். "பயிற்சிங்களா? கையில மம்பட்டி மாதிரி தெரியுதுங்களே."

மம்பட்டியேதான். கிட்டே போனபோது களம் இல்லை. நடுக்கோடு போட்டிருந்த இடத்தில் மண்ணை மேடாக அணைத்துப் பார் பிடித்திருந்தது. வரிசை வரிசையாக மரவள்ளிக் குச்சிகள் நிமிர்ந்து நின்றன. மாயவன் கடைசிப் பாரை இழுத்துக்கொண்டிருந்தான், மூச்சே விடாமல். வரப்பில் அம்சவள்ளி கஞ்சிக் குண்டானோடு நின்றாள். பக்கத்தில் ஆயம்மாள்.

"டேய்! டேய்! இன்னாடா பண்றீங்க? ஆட்டத்துக்குடா உங்களக் கேட்டேன்!"

பையன்கள் முழித்தார்கள். ஆயம்மாள்தான் முன்னால் வந்தாள்.

"யாரு ஆட்டம்னு சொன்னது? மாத்தாளுன்னுதானே கேட்ட? இன்னிக்கி எம்புள்ள உன் நெலத்துல வேல செய்வான், நாளைக்கி உங்க வூட்டு ஆளு என் நெலத்துல செய்யணும். ஊரு ஒலகத்துல மாத்தாளுன்னா அதானே? ஆடறதுக்கு அனுப்பறதா இருந்தா எதுக்குய்யா திருப்பிக் கேப்பேன்?"

கொளஞ்சியப்பன் மெல்லத் திரும்பி அம்சவள்ளியைப் பார்த்தான். அவள் மும்முரமாகக் கஞ்சியைக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

"நீதானடி அந்த வார்த்தைய சொன்ன?"

"நல்ல தமிழ்னு சொன்னேன். நீதான் அர்த்தம் கேக்கல."

"ஆட்டம்?"

"களத்துல ஆடு. குச்சி மட்டும் ஒடையாம ஆடு. ஒண்ணு ஒடஞ்சாலும் அய்யனாரு பாத்துகினு இருப்பாரு."

வேடியப்பன் சிரித்தான். அவன் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அவனுடைய ஆட்களும் சிரித்தார்கள். அத்தனை பேரும் வரப்பில் குந்திக் கஞ்சி குடித்தார்கள். வந்ததற்குச் சும்மா போகக் கூடாது என்று மிச்சமிருந்த குச்சிகளையும் அவர்களே நட்டுக் கொடுத்தார்கள். மேளக்காரர் வாங்கிய காசுக்கு வஞ்சகமில்லாமல் கொட்டினார். ஊர்ச் சடுகுடு வரலாற்றில் இரண்டு டீமும் சேர்ந்து ஒரே பக்கம் நின்றது அன்றைக்குத்தான்.

கொளஞ்சியப்பன் மட்டும் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். களம் போயிற்று. அது பெரிய துக்கம்தான். ஆனால் கொஞ்ச நேரத்தில் அதைவிடப் பெரிய ஒன்று அவன் மண்டையில் உறைத்தது.

"அம்சா... ஏழு வூட்டுக்கும் வேலைக்கி யாரு போறது?"

"கேட்டது யாரு?"

"நானு. சரி, தொலையுது. வூட்டுக்கு ஒரு நாளு. ஏழு நாளு பல்லக் கடிச்சிகினு போயிட்டு வந்துடறன்."

அம்சவள்ளி முதல்முறையாக அவனைக் கொஞ்சம் இரக்கத்தோடு பார்த்தாள். ஆயம்மாள் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஏழு இல்லய்யா, பதினாலு. நீதான் வரப்போறன்னு தெரிஞ்சதும் ஒருத்தியும் ஒத்துக்கல. நான் கெஞ்சிக் கூத்தாடி, உன் ரெண்டு நாள ஒரு நாளா எடுத்துக்கச் சொல்லியிருக்கேன்."