சொந்தக்கை மாற்றிய பிரேக்

தஞ்சாவூரில் எங்கள் தெருவில் எந்தப் பொருளும் தானாகக் கெட்டதாகச் சரித்திரம் இல்லை. எல்லாமே ‘சொந்தக்கை’ பழுது பார்த்த பிறகு கெட்டவைதான்.

அது தெரு வைத்த பெயர். கல்லூரியில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவர், என் எதிர்வீட்டுக்காரர். தன் வீட்டுப் பொருளில் அடுத்தவன் கை படக் கூடாது என்பது அவர் கொள்கை. மிக்ஸியைப் பிரித்து மாட்டினார். அதன்பின் அது சட்னியை அரைத்ததைவிடச் சுவரில் பூசியதே அதிகம். முடியையும் தானே வெட்டிக்கொள்வார். பின்தலை படிக்கட்டு மாதிரி இருக்கிறதே என்று ஒருநாள் கேட்டேன். “எனக்குத் தெரியலையே சார். அது பார்க்கிறவங்க பிரச்சினை” என்றார்.

போன பங்குனியில் அவர் காரில் பிரேக்கை மிதித்தால் தெருநாய்கள் எழுந்து ஓடுகிற அளவுக்குக் கிறீச்சிட்டது. முன்சக்கர பிரேக் பேடுகளைத் தானே மாற்றப்போவதாக அறிவித்தார். மறுநாள் கூத்தாநல்லூரில் அவருடைய பழைய சக ஆசிரியர் வீட்டு நிக்காஹ். எனக்கும் அழைப்பு உண்டு. நான் பஸ்ஸில் போவதென்று ஏற்கெனவே முடிவு செய்திருந்தேன். அவர் ஓட்டுவதைப் பார்த்தவன் நான்.

“மெக்கானிக் மாத்தினா கார்ல வர்றேன். நீங்க மாத்தினா அண்ணனோட நானும் பஸ்ல போயிடுவேன்” என்று என்னைக் காட்டிச் சொன்னார் அவர் மனைவி வசந்தா.

கல்யாணமான நாள் முதல் இருவரும் ஒரு விசேஷத்துக்கும் தனித்தனியாகப் போனதில்லை. சொந்தக்கை சிரித்தார். சிரிப்பில் சுரத்தில்லை.

நான் வருவாய்த் துறையில் தலை நரைத்தவன். எந்த வேலைக்கும் ஒரு வரிசை உண்டு. காரோடு வந்த கையேட்டை வாங்கிக்கொண்டு, அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

“சக்கரம் தரையில இருக்கும்போதே நட்டைத் தளர்த்தணும்” என்று வாசித்தேன். அதற்குள் ஜாக்கி வைத்துத் தூக்கியிருந்தார். ஸ்பேனரைப் போட்டுத் திருப்பினார். நட்டு அசையவில்லை; சக்கரம் சுகமாகச் சுற்றியது.

“நீங்க கொஞ்சம் வேகமாப் படிச்சா நல்லாருக்கும் சார்.”

காரை இறக்கி, நட்டைத் தளர்த்தி, மறுபடி தூக்கிய பிறகு பழைய பேடுகள் கழன்றன. புதியவை நுழைய இடமில்லை. உள்ளே இருக்கும் பிஸ்டனை கிளாம்ப் வைத்துப் பின்னால் தள்ள வேண்டும் என்றேன். அவர் அடுக்களைக்குப் போய், மேசை விளிம்பில் திருகி மாட்டுகிற தேங்காய்த் துருவியோடு வந்தார். அந்தத் திருகு பிஸ்டனை வெண்ணெய் போல உள்ளே தள்ளியது. கையேட்டில் இல்லாத முறை. குறை சொல்லவும் வழியில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது.

“ஏங்க, தேங்காயை நான் எதுல துருவுறது?” என்று உள்ளிருந்து குரல் வந்தது.

“இன்னிக்குப் பொடி தொட்டுக்கலாம் வசந்தா.”

பேடுகளை மாட்டி, சக்கரங்களைப் பூட்டி, காரில் ஏறினார். “வண்டியை எடுக்கறதுக்கு முன்னாடி, பெடல் கெட்டியாகிற வரைக்கும் மிதிச்சு மிதிச்சு விடணும்” என்று கத்தினேன். “போகப் போகச் சரியாயிடும் சார்” என்றபடி நகர்த்தினார். பெடல் தரையைத் தொட்டது. கார் நிற்கவில்லை. அவர் கைபிரேக்கை இழுப்பதற்குள், தெருவில் கொட்டியிருந்த மணல் குவியலில் போய் மூக்கைப் புதைத்துக்கொண்டது. காருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வாசலில் வசந்தா நின்றுகொண்டிருந்தார்.

“பஸ் எத்தனை மணிக்கு அண்ணே?” என்றார் என்னிடம்.

பிறகு சொந்தக்கை பெடலை மிதித்து மிதித்து விட்டார். கெட்டியானது. புதுப் பேடுகளைக் காலியான சாலையில் வேகம் பிடித்து, மெதுவாக பிரேக் போட்டு, திரும்பத் திரும்பப் பழக்க வேண்டும் என்று அடுத்த வரி. அதை மட்டும் மறுக்காமல் கேட்டார். ஊருக்கு வெளியே ஒரு கிராமத்துச் சாலைக்குப் போனோம். சாலையே தெரியவில்லை. பிடுங்கிய உளுந்துச் செடியை, போகிற வண்டிகள் மிதித்து உதிர்க்கட்டும் என்று நீளத்துக்குப் பரப்பியிருந்தார்கள். நான் கையேட்டைப் புரட்டினேன். உளுந்தைப் பற்றி ஒன்றுமில்லை.

உளுந்தைத் தாண்டியதும் பிரேக் போட்டார், திரும்பினார், மறுபடி உளுந்தைத் தாண்டி அந்தக் கோடியில் பிரேக் போட்டார். மூன்றாம் நடையில், தலையில் துண்டு கட்டிய அம்மாள் ஒருவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“பிரேக் பழக்கறேன்மா. கோவிச்சுக்காதீங்க” என்றார் சொந்தக்கை.

“எதுக்குங்கய்யா கோவிக்கணும்? காலையிலேருந்து ஒரு வண்டி வரல. நீங்க நல்லாப் பழக்குங்க. அந்த ஓரம் இன்னும் உதிரல, அதையும் ஒரு மிதி மிதிச்சுட்டுப் போங்க.”

வெயில் தாழும்வரை மிதித்தார். அந்த அம்மாள் ஒரு முறம் உளுந்தைப் புடைத்து, சொந்தக்கையின் துண்டை வாங்கி அதில் கட்டிக் கொடுத்தார். தன் கை வேலையை ஒருவர் மெச்சி அவர் பார்த்தது அன்றுதான். வீடு வரும்வரை மூட்டையை மடியிலேயே வைத்து ஓட்டினார்.

வசந்தா மூட்டையைப் பிரித்து, “இதென்ன?” என்றார்.

“பிரேக் போட்டதுக்குக் கூலி.”

வசந்தா ஒரு பருப்பை எடுத்துக் கடித்துப் பார்த்தார். உதட்டோரம் சிரிப்பு தெரிந்ததாக எனக்கொரு சந்தேகம்.

மறுநாள் காலை வாசலுக்கு வந்தேன். வசந்தா பட்டுப்புடவையில் நின்றிருந்தார். பஸ் நிலையம் போக ஆட்டோவும் நின்றது. சொந்தக்கை காரின் முன்கண்ணாடியை, அழுக்கே இல்லாத இடமாகப் பார்த்துத் துடைத்துக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் திரும்பவில்லை.

“அண்ணே, புஸ்தகத்தை முழுசாப் படிச்சவங்க நீங்க. உள்ளதைச் சொல்லுங்க. ஏறலாமா?”

கையேட்டின் கடைசி வரி எனக்கு மனப்பாடம்: ‘தகுதி பெற்ற மெக்கானிக் சோதித்த பிறகே வாகனத்தைப் பயன்படுத்தவும்.’

நான் காரின் பின்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தேன். “முன்னாடி ஏறும்மா, நேரமாகுது” என்றேன்.