பிறவிக் குணம் மாறாத வீடு

மனித குலம் கண்ட கலைகளில் தலையாயது, பழைய வீட்டை இடித்துவிட்டு அதே பழைய வீட்டைப் புதிதாகக் கட்டுவது. நெருப்பும் சக்கரமும் இதற்கு அப்புறம்தான். கள்ளக்குறிச்சிக்குக் கிழக்கே தீனதயாளனின் பூர்வீக வீடு இப்படித்தான் ‘பழமை மாறாமல்’ புதுப்பிக்கப்பட்டது.

கொத்தனார் செல்லமுத்துவுக்கு இந்தக் கலை எளிதில் பிடிபடவில்லை. சென்னையிலிருந்து வந்த கட்டட வல்லுநர் தேவதர்ஷினி பொறுமையாக விளக்கினார்.

“வீட்டுக்கும் ஒரு பிறவிக் குணம் இருக்குங்க. அது போயிடக் கூடாது.”

“சரிங்கம்மா. எத இடிக்கணும்?”

“எல்லாத்தையும்.”

மரத்தூண்கள் போயின. மர நிறம் பூசிய ஃபைபர் தூண்கள் வந்தன. ஓடு இறங்கியது, ஓடு போன்ற தகடு ஏறியது. முற்றத்தைக் கண்ணாடியால் மூடிவிட்டு, பொத்தானை அழுத்தினால் ஸ்பீக்கரில் மழைச் சத்தம் கேட்கும்படி செய்தார்கள்.

செல்லமுத்துவின் மனைவி பெரியநாயகி அங்கே சித்தாள். ஏழு மாதம் கலவை சுமந்தவளுக்கு ஆசை ஒன்றுதான். வீடு குடிபுகும் நாளில் கொத்தனாரை நிலைவாசலில் நிறுத்தி, தாம்பாளத்தில் வேட்டி துண்டு வைத்துக் கொடுப்பது ஊர் வழக்கம்; அதைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

“முன்வாசல்ல நிக்க வெச்சுத்தான் குடுப்பாங்களா?”

“இன்னாடி கேள்வி இது? தெனமும் அந்த வாசல்லதான போய்க்கினு வந்துக்கினு கீறோம்.”

உண்மைதான். சிமெண்டு மூட்டைக்கு முன்வாசல், பின்வாசல் கிடையாது.

இடிக்காமல் விட்டது பின்சுவர் ஒன்றைத்தான். அதைச் சுரண்டியபோது இடுப்பு உயரத்தில், ஒரு முழச் சதுரத்துக்குச் செங்கல் வைத்து அடைத்த ஓட்டை தெரிந்தது. தீனதயாளன் முகம் மலர்ந்தது.

“எங்க தாத்தா காலத்துல வேல செய்யறவங்களுக்கு இது வழியாத்தான் கூழு ஊத்துவாங்க.”

“அடைச்சது எங்க அப்பாருங்க,” என்றார் செல்லமுத்து. “உங்கப்பாரு, பெரியய்யாதான் அடைக்கச் சொன்னாராம். ஒரு நாள் வேலைய ஒரு மணி நேரத்துல முடிச்சாராம்.”

தேவதர்ஷினி உணர்ச்சிவசப்பட்டு அளவெடுத்தார். “இதுதாங்க இந்த வீட்டோட குணம்.”

வரைபடத்தில் ஓட்டைக்கு ‘உணவுப் பகிர்வுச் சாளரம்’ என்று பெயர் விழுந்தது. செல்லமுத்து அதைத் திறந்தார். அப்பா வைத்த செங்கல் லேசில் வரவில்லை.

குடிபுகும் நாளில் பாரம்பரிய வீடுகளுக்குச் சான்றளிக்கும் குழுவும் வந்திறங்கியது. பெரியநாயகி புதுப் புடவையில் கணவனோடு முன்வாசலுக்கு வந்தாள். தீனதயாளன் ஓடிவந்து கைகூப்பினார்.

“செல்லமுத்து, கோச்சுக்காத. கமிட்டி வந்திருக்கு. எல்லாம் அசலா இருக்கணும். நீங்க பின்பக்கமா வந்துடுங்க.”

ஓட்டைக்குள் அந்தப் பெரிய தாம்பாளம் நுழையவில்லை. ஆகவே முதலில் வேட்டி மட்டும் வந்தது, பிறகு துண்டு. உள்ளே பத்துப் பன்னிரண்டு செல்போன்கள் படமெடுத்தன. பெரியநாயகிக்கும் ஒரு புடவை நீண்டது. அவள் கையை முந்தானையிலிருந்து எடுக்கவில்லை.

குழுத் தலைவர் படிவத்தில் ஒரு கேள்வியில் நின்றார். “பழைய வீட்டில் அசலாக மிஞ்சியவை எவை?”

தீனதயாளன் தேவதர்ஷினியைப் பார்த்தார். தேவதர்ஷினி ஓட்டையைப் பார்த்தார். “கொத்தனாரக் கேளுங்க சார். கட்டினவரு அவருதான்.”

செல்லமுத்து குனிந்து ஓட்டைக்கு முகம் கொடுத்தார்.

“தூணு ஃபைபருங்க. ஓடு தகடுங்க. மழ ஸ்பீக்கருங்க.” வேட்டியையும் துண்டையும் வந்த வழியிலேயே திரும்ப வைத்தார். “பழசுன்னு பாத்தா ரெண்டே ரெண்டுதாங்க. இந்த ஓட்ட ஒண்ணு. உள்ள நிக்கற எங்க ஐயா ஒண்ணு.”

குழு தனியே கலந்து பேசியது. வீட்டின் பிறவிக் குணம் கடுகளவும் மாறவில்லை என்று ஒருமனதாகச் சான்றளித்தது.

சான்றிதழைக் கண்ணாடிச் சட்டமிட்டு நிலைவாசலுக்கு மேலே மாட்டியிருக்கிறார்கள். அந்த வீட்டைக் கட்டியவர்கள் இருவரும் இன்னும் அதைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டுமானால் முன்வாசலுக்கு வர வேண்டும்.